ஒரே மலை, ஒரே திராட்சை, ஐந்து ஆண்டு: புருனெல்லோ ஒயினின் விதிகள் எங்கிருந்து வந்தன?

2026 ஜனவரி 1 முதல் விற்க அனுமதி கிடைத்திருக்கும் புருனெல்லோ தி மொந்தால்ச்சீனோ ஒயின், 2021-இல் பறித்த திராட்சையில் செய்தது. அதே ஊரில், அதே ரகத் திராட்சையில், பல சமயம் அதே தோட்டத்தில் விளைந்த இன்னொரு ஒயின் 'ரோஸ்ஸோ தி மொந்தால்ச்சீனோ' என்ற பெயரில் 2022 செப்டம்பரிலேயே விற்பனைக்குத் தயாராகிவிட்டது. விலையோ பெரும்பாலும் புருனெல்லோவில் பாதி, அல்லது அதற்கும் கீழே. திராட்சை ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு பெயர், இரண்டு விலை? எதற்கு இத்தனை வருடக் காத்திருப்பு?

காத்திருப்பு என்பது பரம்பரை பரம்பரையாக வந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. மொந்தால்ச்சீனோ மலை பழையது, ஒயினின் பெயருக்கு வயது நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்று மேல், சட்டத்துக்கு அறுபது. ஒவ்வொரு விதியையும் யாரோ சிலர், ஒரு நெருக்கடியில், தங்கள் கைக்காசைப் பணயம் வைத்து முடிவுசெய்தார்கள். அந்த முடிவுகளைத் தெரிந்துகொண்டால்தான் பாட்டிலின் விலையும் புரியும், 2008-இல் அந்த ஊரை உலுக்கிய விவகாரமும் புரியும்.

முதலில் பெயர்கள்

குழப்பத்தில் பாதி பெயர்களால் வருவது. மூன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

1. மொந்தால்ச்சீனோ: ஊரின் பெயர். இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், 564 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர்.

2. சாஞ்சோவேசே: திராட்சை ரகத்தின் பெயர். இத்தாலியில் மிக அதிகமாகப் பயிராகும் சிவப்பு ஒயின் திராட்சை இதுதான். கியாந்தி ஒயினின் அடிப்படையும் இதே ரகம். பக்கத்து ஊரான மொந்தெபுல்ச்சானோவில் 'புருன்யோலோ ஜெந்தீலே' என்றும், கடற்கரைப் பக்கம் ஸ்கன்சானோவில் 'மொரெல்லீனோ' என்றும் இதைக் கூப்பிடுகிறார்கள்.

3. புருனெல்லோ: இன்று ஒயினின் பெயர். முன்பு மொந்தால்ச்சீனோவில் வளர்ந்த சாஞ்சோவேசேயின் உள்ளூர்ப் பெயர். 'பழுப்பு நிறமானது' என்ற பொருளில், பழத்தின் நிறத்தை வைத்து வந்தது. இதைத் தனி ரகம் என்றே ஊரில் நம்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தாவர ஆய்வாளர்கள் இரண்டும் ஒன்றே என்று உறுதிசெய்தார்கள். பெயர் அதற்குப் பிறகு ஒயினோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்தது சட்டம். இத்தாலியில் ஒயின்களுக்கு 'டி.ஓ.சி.' என்றும், அதற்கு மேல்படியாக 'டி.ஓ.சி.ஜி.' என்றும் தகுதி உண்டு. முன்னது விளைந்த இடத்தின் பெயரைக் கட்டுப்பாட்டுக்குள் வைப்பது. பின்னது அதற்கு அரசின் உத்தரவாதத்தையும் சேர்ப்பது. நமக்குப் பழக்கமான புவிசார் குறியீட்டுக்கு நெருங்கிய சொந்தம்தான், ஆனால் கண்டிப்பு அதிகம். புருனெல்லோவுக்கு 1966-இல் டி.ஓ.சி. கிடைத்தது. மறு ஆண்டே விளைவிப்போர் சேர்ந்து 'கொன்சோர்ட்சியோ' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1980-இல் டி.ஓ.சி.ஜி. தகுதியை முதன்முதலில் பெற்ற ஒயின்களில் ஒன்றானது.

இன்றைய விதிகளின் சாரம் இது:

1. திராட்சை நூற்றுக்கு நூறு சாஞ்சோவேசே. ஒரு சதவீதம்கூட வேறு ரகம் கூடாது.
2. தோட்டம் மொந்தால்ச்சீனோ எல்லைக்குள் இருக்க வேண்டும். 2017-இல் பக்கத்து ஊரான சான் ஜொவான்னி தாஸ்ஸோ நிர்வாகத்தில் இணைந்தபோது ஊரின் எல்லை விரிந்தது, ஒயினின் எல்லை விரியவில்லை.
3. ஒரு ஹெக்டேருக்கு அதிகபட்சம் 8 டன் பழம்.
4. மரப் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு, பாட்டிலில் குறைந்தது 4 மாதம்.
5. அறுவடை ஆண்டுக்குப் பின் வரும் ஐந்தாம் ஆண்டின் ஜனவரி 1-க்கு முன் விற்கக் கூடாது. 'ரிசெர்வா' என்ற உயர்வகைக்கு ஆறாம் ஆண்டு. பாட்டிலில் 6 மாதம்.
6. பாட்டிலில் அடைப்பதும் அதே எல்லைக்குள்தான்.

மலை என்ன செய்கிறது?

வரைபடத்தில் பார்த்தால் மொந்தால்ச்சீனோ பகுதி ஏறக்குறைய ஒரு சதுரம். ஓம்ப்ரோனே, அஸ்ஸோ, ஓர்ச்சா என்ற மூன்று ஆறுகள் அதைச் சுற்றி வளைக்கின்றன. நடுவில் மலை. நிலத்தில் பாதி காடு. ஒலிவ மரங்களும் தானிய வயல்களும் போக, திராட்சைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 15 சதவீதம்.

தெற்கே 1,738 மீட்டர் உயர அமியாத்தா மலை நிற்கிறது. அணைந்துபோன எரிமலை அது. கோடையில் கிளம்பும் புயல் மழையையும் ஆலங்கட்டியையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆலங்கட்டி மழை பத்து நிமிடம் பெய்தால் ஒரு வருட உழைப்பு தரையில் கிடக்கும். ஆகவே இந்தத் தடுப்பு சின்ன விஷயம் இல்லை. ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான். மேட்டில் காற்று ஓயாமல் வீசுவதால் பழக்கொத்துகள் சீக்கிரம் உலர்ந்துவிடும், பூஞ்சை அதிகம் பிடிக்காது. சாஞ்சோவேசேக்கு இது உயிர்நாடி. அது தாமதமாகப் பழுக்கும் ரகம், செப்டம்பர் கடைசி, அக்டோபர் வரைகூட இழுக்கும். அந்தச் சமயத்தில் ஈரம் சேர்ந்தால் அழுகல்தான்.

மலை என்பதால் எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரி இல்லை. வடக்குச் சரிவு குளிர்ந்தது. தென்மேற்கே சாந்தாஞ்சலோ இன் கோல்லே பக்கம் வெயில் அதிகம், கடற்காற்றும் வரும், பழம் முன்கூட்டியே பழுக்கும். அடிவாரத்தில் களிமண் கனம். மேலே போகப் போக 'கலெஸ்த்ரோ' என்று இவர்கள் சொல்லும், கையால் நொறுக்கக்கூடிய அடுக்குப் பாறை. களிமண்ணில் விளைந்தது கொஞ்சம் பருமனான ஒயின், கலெஸ்த்ரோவில் விளைந்தது மெலிந்து மணம் கூடியது என்று பொதுவாகச் சொல்வார்கள். இவை அத்தனைக்கும் லேபிளில் ஒரே பெயர்தான் என்பது பின்னால் வரப்போகும் ஒரு சிக்கலுக்கு விதை.

கிரெப்போ: ஒரு தோட்டம் எடுத்த முடிவு

ஊருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டரில், சைப்ரஸ் மரங்கள் வரிசைகட்டிய பாதை ஒன்று மேட்டுக்கு ஏறுகிறது. அங்கே இருப்பது கிரெப்போ தோட்டம். சொல்லுக்கே 'செங்குத்தான சரிவு' என்றுதான் பொருள். பியோந்தி சாந்தி குடும்பத்தின் தோட்டம் இது. புருனெல்லோவின் கதையை எங்கிருந்து தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மொந்தால்ச்சீனோவுக்குப் பெயர் வாங்கித் தந்தது சிவப்பு ஒயினே இல்லை. 'மொஸ்கதெல்லோ' என்ற இனிப்பான வெள்ளை ஒயின். சிவப்பு ஒயின் என்றால் டஸ்கனி முழுக்க அந்த வருடமே குடித்துத் தீர்க்கும் லேசான சரக்கு. கியாந்தி பகுதியில் பெத்தீனோ ரிக்காசோலி 1872-இல் எழுதிவைத்த கலவை முறையிலும், சீக்கிரம் குடிக்க வேண்டிய ஒயினுக்கு சாஞ்சோவேசேயோடு வெள்ளைத் திராட்சையும் சேர்க்கலாம் என்று இருந்தது. கலப்பதுதான் அன்றைய பொதுவழி.

கிளெமெந்தே சாந்தி மருந்தாளர், அறிவியல் நாட்டம் கொண்டவர். அவருடைய 1865 அறுவடையின் 'தேர்ந்த சிவப்பு ஒயின் (புருனெல்லோ)' 1869-இல் மொந்தெபுல்ச்சானோ வேளாண் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அவர் மகள் கத்தரீனா, பியோந்தி என்ற மருத்துவரை மணந்தார். அவர்களுடைய பிள்ளை ஃபெருச்சியோ, தாத்தாவின் பெயரையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு பியோந்தி சாந்தி ஆனார். இளம் வயதில், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படையில் சேர்ந்து 1866-இல் பெத்செக்கா போரில் பங்கெடுத்தவர்.

ஃபெருச்சியோ தோட்டத்தைக் கையில் எடுத்த காலம் மோசமானது. முதலில் சாம்பல் நோய், அப்புறம் வேரைத் தின்னும் ஃபிலோக்செரா என்ற பூச்சி. ஐரோப்பாவின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. தாக்குப்பிடிக்கும் அமெரிக்கத் திராட்சையின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவது ஒன்றுதான் வழி. அதாவது எல்லாத் தோட்டக்காரரும் எப்படியும் புதிதாக நட்டாக வேண்டும். எதை நடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். ஃபெருச்சியோ தன் சொந்தக் கொடிகளில் நோய்க்கு ஈடுகொடுத்தவற்றையும் நல்ல பழம் தந்தவற்றையும் தேடிப் பிடித்து, அவற்றின் குச்சிகளை மட்டுமே ஒட்டுக்கட்டினார். ஒரே ரகம். கலவையே கிடையாது. பறித்த பழத்தில் தேறாததைக் கழித்தார், பெரிய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்காக வைத்தார்.

இது வியாபாரப் புத்திக்கு நேர் எதிர். எல்லோரும் அதிக விளைச்சல், உடனே விற்பனை என்று ஓடிய நேரத்தில் இவர் குறைந்த விளைச்சல், தள்ளிப்போகும் வரவு என்று போனார். அந்தத் தோட்டத்தின் நிலவறையில் இருக்கும் மிகப் பழைய ரிசெர்வா பாட்டில்கள் 1888, 1891 அறுவடைகளைச் சேர்ந்தவை. மொந்தால்ச்சீனோவில் வேறு சிலரும் அக்காலத்தில் புருனெல்லோ செய்தார்கள். ஆனால் போரிலும் பஞ்சத்திலும் தலைமுறை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது இந்தக் குடும்பம். 1932-இல் அரசு அமைத்த குழுவின் அறிக்கை, புருனெல்லோ ஃபெருச்சியோ பியோந்தி சாந்தியின் ஆக்கம் என்றே எழுதியது.

அவர் மகன் தான்கிரெதி. இரண்டாம் உலகப் போரில் படைகள் நெருங்கியபோது, பழைய ரிசெர்வா பாட்டில்களை நிலவறையில் வைத்து முன்னால் சுவர் எழுப்பி மறைத்தவர். 1927-இல் 'ரிக்கொல்மத்தூரா' என்ற வழக்கத்தைத் தொடங்கியவரும் அவரே. பாட்டிலில் பல பத்தாண்டு இருக்கும்போது தக்கை வழியாக ஒயின் துளித்துளியாகக் குறையும். காலியான இடத்தில் காற்று சேர்ந்தால் கெட்டுவிடும். எனவே பழைய ரிசெர்வா வைத்திருப்பவர்கள் பாட்டிலைக் கிரெப்போவுக்கே கொண்டுவருவார்கள். திறந்து, ருசி பார்த்து, நன்றாக இருந்தால் அதே ஆண்டின் ஒயினால் நிரப்பிப் புதுத் தக்கை போட்டுத் தருவார்கள். விற்றுப் பல பத்தாண்டு ஆன பிறகும் தன் சரக்குக்குப் பொறுப்பேற்கும் வீடு!

வெளியுலகம் கவனித்தது மெல்லத்தான். 1969-இல் இத்தாலிய அதிபர் சராகாத் லண்டனில் இரண்டாம் எலிசபெத் அரசிக்கு அளித்த விருந்தில் 1955 ரிசெர்வா பரிமாறப்பட்டது. 1999-இல் அமெரிக்க இதழான 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' நூற்றாண்டின் 12 சிறந்த ஒயின்களைப் பட்டியலிட்டபோது அதில் இடம்பெற்ற ஒரே இத்தாலிய ஒயினும் அதே 1955 ரிசெர்வாதான்.

தான்கிரெதியின் மகன் ஃபிராங்கோ 2013-இல் காலமானார். அவர் காலத்தில் கொடியின் வயதை வைத்து ஒயினைப் பிரித்தார்கள்: இளங்கொடியின் பழம் ரோஸ்ஸோவுக்கு, 10 வயது தாண்டிய கொடியின் பழம் புருனெல்லோவுக்கு, 25 வயது தாண்டியது, அதுவும் மிக நல்ல ஆண்டுகளில் மட்டும், ரிசெர்வாவுக்கு. இந்தத் தோட்டத்துக் கொடிகளிலிருந்து தேர்ந்தெடுத்த 'பி.பி.எஸ். 11' என்ற சாஞ்சோவேசே குளோன் (ஒரே தாய்க்கொடியிலிருந்து பெருக்கிய கொடிகள்) அதிகாரபூர்வமாகப் பதிவானதும் அவர் காலத்தில். 2016 இறுதியில் பெரும்பங்கு பிரான்சின் இ.பி.ஐ. குழுமத்துக்குக் கைமாறியது. ஒரு குடும்பத்தின் பிடிவாதத்தில் பிறந்த ஒயின் நிறுவனத்தின் கைக்குப் போவது வருத்தம் தரக்கூடியதுதான். ஆனால் காத்திருப்பதற்குத் தேவையான முதலை இன்று எத்தனை குடும்பங்களால் போட முடியும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

ஐந்து ஆண்டு எதற்கு?

சாஞ்சோவேசேயின் சாற்றில் இரண்டு குணம் தூக்கலாக இருக்கும். ஒன்று புளிப்பு. இன்னொன்று துவர்ப்பு, அதாவது தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின். நிறமோ அவ்வளவு ஆழமில்லை. நொதித்து முடிந்த புது ஒயினை வாயில் வைத்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி.

காலம் அதில் செய்யும் வேலை இப்படி:

1. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும், நிறமிகளோடும் சேர்ந்து பெரிய சங்கிலிகளாகின்றன. இந்தச் சங்கிலிகள் நாக்கில் அவ்வளவு முரடாகப் படுவதில்லை. ஒரு பகுதி படிவாகக் கீழே இறங்கிவிடும். பழைய பாட்டிலின் அடியில் தெரியும் வண்டல் அதுதான்.

2. இந்தச் சேர்க்கைக்கு மிகக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். அதிகமானால் ஒயின் கெடும், சுத்தமாக இல்லாவிட்டால் முரடாகவே நின்றுவிடும். மரப் பீப்பாய் அந்த இடைப்பட்ட அளவைத் தருகிறது.

3. நிறம் மாணிக்கச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு நகர்கிறது. மணம் செர்ரிப் பழத்திலிருந்து தோல், புகையிலை, காய்ந்த இலை என்று மாறுகிறது.

4. புளிப்பு பெரிதாகக் குறைவதில்லை. ஒயின் பல பத்தாண்டு உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம்.

பீப்பாயின் அளவு இதில் பெரிய விஷயம். மரபான பீப்பாய் குரோஷியாவின் ஸ்லவோனியப் பகுதி ஓக்கில் செய்தது, சில ஆயிரம் லிட்டர் கொள்ளும், பல பத்தாண்டு உழைக்கும். ஒயினின் அளவோடு ஒப்பிட்டால் மரம் தொடும் பரப்பு குறைவு. காற்று போகும், மர வாசனை ஏறாது. பிரான்சிலிருந்து வந்த 225 லிட்டர் புதுப் பீப்பாயில் இதற்கு நேர்மாறு: வெனிலா, வறுத்த மணம் எல்லாம் ஒயினில் ஏறும், சீக்கிரம் மென்மையாகும். 1980, 90-களில் இந்தச் சின்னப் பீப்பாய் மொந்தால்ச்சீனோவில் பரவியது. பழையவர், புதியவர் என்று ஊரே இரண்டு கட்சியானது.

அழுத்தம் விதியிலும் தெரிந்தது. 1966-இல் மரத்தில் குறைந்தது நான்கு ஆண்டு என்று இருந்ததைப் படிப்படியாகக் குறைத்து 1990-களின் இறுதியில் இரண்டாக்கினார்கள். மெலிந்த ஆண்டின் ஒயினை நான்கு வருடம் மரத்தில் வைத்தால் பழச்சுவை வற்றிப்போகும் என்பது அதற்குச் சொன்ன காரணம். நியாயமானதும்கூட. ஆனால் மொத்தக் காத்திருப்பில் கைவைக்கவில்லை. மரத்தில் எவ்வளவு, பாட்டிலில் எவ்வளவு என்பதுதான் செய்பவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

காத்திருப்பின் கணக்கு

ஒரு ஹெக்டேருக்கு 8 டன் பழம். அதிலிருந்து அனுமதிக்கப்படும் ஒயின் 68 சதவீதம், அதாவது 5,440 லிட்டர். 750 மில்லி பாட்டில் என்றால் சுமார் 7,250. இது உச்சவரம்பு, நல்ல தோட்டங்கள் கோடையில் கொத்துகளைக் கிள்ளி எறிந்து இதற்கும் கீழேதான் எடுக்கின்றன. விதிப்படி எந்த நேரத்திலும் நான்கைந்து அறுவடைகள் விற்காமல் நிலவறையில் தூங்கும். பீப்பாய்க்கும் இடத்துக்கும் வங்கி வட்டிக்கும் காசு போய்க்கொண்டே இருக்கும், வரவு இருக்காது.

ஆபத்தும் அதே அளவு குவிகிறது. 2012 டிசம்பரில் ஒரு இரவு, ஜான்ஃபிராங்கோ சொல்தேராவின் 'காஸே பாஸ்ஸே' தோட்டத்தில் ஒருவர் புகுந்து பீப்பாய்களின் குழாய்களைத் திறந்துவிட்டார். 2007 முதல் 2012 வரை ஆறு அறுவடைகளின் ஒயின், சுமார் 62,600 லிட்டர், சாக்கடையில் போனது. ஆறு வருட உழைப்பு ஒரே இரவில் போவதற்குக் காரணம், அந்த ஆறு வருடமும் ஒரே அறையில் காத்திருந்ததுதான்.

இந்தக் கணக்கின் வெளிச்சத்தில்தான் ரோஸ்ஸோவைப் பார்க்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் தனி டி.ஓ.சி.யாக வந்தது. அதுவும் முழுக்க சாஞ்சோவேசே, அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் விற்கலாம். சின்ன விவசாயிக்குக் கைச்செலவுக்கான பணம் இதில் வருகிறது. இன்னொரு பயனும் உண்டு: மழையில் கெட்ட ஆண்டில், புருனெல்லோவாக நினைத்திருந்ததை ரோஸ்ஸோவாக இறக்கிவிடலாம். மேலிருந்து கீழே இறங்கலாம், கீழிருந்து மேலே ஏற முடியாது. இந்த ஒருவழிப்பாதைதான் மேல்பெயரின் தரத்தைக் காக்கிறது. ஆகவே ரோஸ்ஸோவை 'மட்டமான புருனெல்லோ' என்று நினைப்பது தப்பு. இளமையிலேயே குடிக்கச் செய்த, பழச்சுவை முன்னால் நிற்கும் ஒயின் அது.

2008: ஒற்றைத் திராட்சைக்கு வந்த சோதனை

1960-களில் மொந்தால்ச்சீனோ ஏழை ஊர். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு என்ற வார முறை சட்டத்தால் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. குடியானவர்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரோமுக்குப் போகும் வண்டிகள் முன்பு அருகிலுள்ள காஸ்ஸியா சாலையில் ஓடும். 1964-இல் நெடுஞ்சாலை முழுதும் திறந்ததும் அந்த வரத்தும் நின்றது. அப்போது புருனெல்லோவுக்கு இருந்த நிலம் சுமார் 60 ஹெக்டேர். இன்று சுமார் 2,100. 1978 முதல் பான்ஃபி என்ற அமெரிக்க இத்தாலியக் குடும்ப நிறுவனம் பெரும் முதலீட்டோடு வந்தது. அதன் பின்னால் மற்றவர்கள். ஊர் செழித்தது.

செழிப்போடு சிக்கலும் வந்தது. சாஞ்சோவேசே இடம் பார்த்து வளரும் கொடி. எல்லாச் சரிவிலும் நன்றாக வராது. விரிவாக்கத்தில் நட்ட இடங்களில் சில அதற்கு ஏற்றவை அல்ல. அதே சமயம் ஏற்றுமதிச் சந்தை, குறிப்பாக அமெரிக்கா, கருஞ்சிவப்பான, மென்மையான ஒயினைக் கொண்டாடியது. வெளிர்சிவப்பான, புளிப்பான சாஞ்சோவேசேக்கு நேர் எதிர். பக்கத்துப் பாத்தியிலேயே மெர்லோ, கேபர்நே போன்ற பிரெஞ்சு ரகங்கள் வேறு ஒயின்களுக்காகச் சட்டப்படியே வளர்ந்துகொண்டிருந்தன. கொஞ்சம் கலந்தால் நிறமும் வரும், முரடும் குறையும்.

2008 வசந்தத்தில் செய்தி வெடித்தது. சில நிறுவனங்களின் புருனெல்லோவில் வேறு ரகம் கலந்திருக்கிறதா என்று சியெனா அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரிப்பது தெரிய வந்தது. லட்சக்கணக்கான பாட்டில்கள் முடக்கப்பட்டன. இனி சாஞ்சோவேசே மட்டும்தான் என்ற சான்று இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது என்று அமெரிக்கா அறிவித்தது. விசாரணைக்கு உள்ளான ஒயின்களில் சில விடுவிக்கப்பட்டன. சில புருனெல்லோ பெயரை இழந்து சாதாரண டஸ்கனி ஒயினாக இறக்கி விற்கப்பட்டன.

கலப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? திராட்சைத் தோலின் நிறமிகளில் 'அசைலேற்றம்' பெற்ற வகை ஒன்று உண்டு. சாஞ்சோவேசேயில் அது இல்லை என்றே சொல்லலாம். மெர்லோவிலும் கேபர்நேயிலும் நிறைய. எனவே இளம் ஒயினின் நிறமிகளைப் பிரித்துப் பார்த்தால் கலப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வருடம் ஆக ஆக இந்த நிறமிகள் சிதைந்து, தடயம் மங்கும். ஐந்து வருடம் காத்திருந்து வெளிவரும் ஒயினில் இது பெரிய தடை. அதனால்தான் ஆய்வகத்தோடு நிற்காமல் தோட்டத்தில் எந்தக் கொடி எத்தனை, எவ்வளவு பழம் வந்தது, எவ்வளவு ஒயின் ஆனது என்ற பதிவேட்டையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அப்போது ஒரு வாதம் எழுந்தது: விதியைத் தளர்த்தி, சில சதவீதம் வேறு ரகத்தை அனுமதித்துவிட்டால் என்ன? கியாந்தியில் அனுமதி உண்டே. வாதத்தில் பொருள் இல்லாமலில்லை; பல நல்ல ஒயின்கள் கலவைகள்தான். ஆனால் 2008 அக்டோபரில் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் மிகப் பெரும்பான்மையாக நூறு சதவீத சாஞ்சோவேசேக்கே வாக்களித்தார்கள். 2011-இல் ரோஸ்ஸோவில் மட்டுமாவது பிற ரகங்களைச் சேர்க்கலாம் என்ற முன்மொழிவு வந்தபோதும் தோற்கடித்தார்கள்.

அந்த வாக்கு சரியானது என்பதே என் முடிவு. காரணம் தூய்மைப் பற்று இல்லை. உலகில் எங்கும் மெர்லோ நடலாம். கலந்து கருப்பாக்கிய ஒயினை எங்கும் செய்யலாம். மொந்தால்ச்சீனோவில் மட்டுமே கிடைப்பது, அந்த மலையில் தனித்து நிற்கும் சாஞ்சோவேசே. அதை விட்டுக்கொடுத்த நாளில் ஐந்து வருடக் காத்திருப்புக்கும் அர்த்தம் போய்விடும்.

வெப்பம் மாற்றும் வரைபடம்

விதிகள் அப்படியே இருக்க, மலை மாறிக்கொண்டிருக்கிறது. 2003, 2017 போன்ற ஆண்டுகளின் வெயிலும் வறட்சியும் பழத்தில் சர்க்கரையை ஏற்றிவிட்டன. சர்க்கரை கூடினால் ஆல்கஹாலும் கூடும். சட்டம் கேட்கும் குறைந்த அளவு 12.5 சதவீதம், இன்று பல பாட்டில்கள் 14.5-ஐத் தொடுகின்றன. புளிப்பு குறைகிறது. நீண்ட ஆயுளைத் தருவதே புளிப்புதான் என்பதால் இது ருசியோடு நிற்கும் பிரச்சினை இல்லை.

விளைவு, உயரம். முன்பு 600 மீட்டருக்கு மேல் விளைந்த பழத்துக்குப் புருனெல்லோ என்ற பெயர் கிடையாது, அங்கே பழுக்காது என்பதால். அந்த வரம்பு இப்போது நீக்கப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் குளிர் என்று ஒதுக்கிய வடக்குச் சரிவுகளையும் மேட்டு நிலங்களையும் இன்று தேடிப் போகிறார்கள். கிரெப்போ போன்ற உயரமான தோட்டங்களுக்கு இது சாதகம்.

இங்கேதான் முன்பு சொன்ன சிக்கல் வருகிறது. வடக்கில் இரவுக் குளிரில் விளைந்ததும், தென்மேற்கில் சுடுவெயிலில் விளைந்ததும் ஒரே பெயரில் வருகின்றன. வட இத்தாலியில், பீட்மாண்ட் மாநிலத்தின் பரோலோ ஒயின் பகுதி இதற்கு 2010-இல் ஒரு வழி கண்டது: 181 இடப்பெயர்களை அதிகாரபூர்வமாக வரையறுத்து, லேபிளில் போட அனுமதித்தது. மொந்தால்ச்சீனோவில் அப்படி அதிகாரபூர்வப் பிரிவு இல்லை. வந்தால் சிலரின் நில மதிப்பு ஏறும், சிலருடையது இறங்கும். தயக்கத்துக்கு அது போதும். அதுவரை வாங்குபவர் தோட்டத்தின் பெயரைக் கொண்டு, அது எந்தச் சரிவில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடித் தெரிந்துகொள்வதே வழி.

நடுபவருக்கோ இதைவிடக் கடினமான கணக்கு. ஃபிராங்கோ காலத்து வழக்கத்தையே பின்பற்றினால், 2026-இல் கிரெப்போவில் நடும் ஒரு கொடியின் பழம் ரிசெர்வாவுக்குத் தகுதி பெற 2051 ஆகும். அந்த அறுவடையின் பாட்டில் 2057 ஜனவரிக்கு முன் வெளியே வராது. அப்போது அந்தச் சரிவில் வெயில் எப்படி இருக்கும் என்பதை யோசித்துத்தான் இன்றைக்கு எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்துக் குழி தோண்டுவது என்று முடிவெடுக்க வேண்டும்.